பார்ட் வரவில்லை

ஆகஸ்ட் 7, திங்கள்

இந்த டைரியை ஜனவரியிலேயே பக்கத்து வீட்டு ஜெயசீலி அக்கா கொடுத்தார். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். "மனசுல கெடக்குறத எழுதிப் போடு தமயந்தி, தலைவலி கொறையும்" என்றார். ஏழு மாதம் அரிசி டப்பாவின் மேல் கிடந்தது. இன்று உட்கார அரை மணி நேரம் கிடைத்திருக்கிறது.

காலையில் பரணியின் லேப்டாப் திரையில் நெடுக்காகக் கோடுகள் விழுந்தன. பச்சை, ஊதா. தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு ஓடினேன். அவன் எதையோ அழுத்தச் சொன்னான், அழுத்தினேன். அணைந்து மறுபடி எரிந்ததும் கோடுகள் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது போல மூச்சு விட்டான்.

பரணி என் கணவரின் தம்பி. இருபத்து நான்கு வயது. தசை நோய். பதினோரு வயதில் நடை நின்றது. இப்போது வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அவன் சொன்னபடி கேட்கும். அந்த இரண்டு விரலுக்கென்று ஒரு பந்து வைத்த மவுஸ். பந்தை உருட்டி உருட்டியே அந்த லேப்டாப்பில் வீடு, மரம், தெருவிளக்கு என்று கட்டுவான். எங்கெங்கோ இருக்கிற நாலு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு செய்கிறார்களாம். அதில் வரும் தெரு இவன் பொறுப்பு.

மாமியார் போய் இரண்டு வருடம் ஆகிறது. என் கணவர் வேலை பார்ப்பது மஸ்கட்டில். மன்னார்குடியில் இந்த வீட்டில் நானும் பரணியும்.

ஆகஸ்ட் 9, புதன்

பந்தலடியில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்காரர் வீட்டுக்கே வந்து பார்த்தார். உள்ளே இருந்த தூசியை ஊதி எடுத்தார். கிராஃபிக்ஸ் கார்டு போய்க்கொண்டிருக்கிறது, எட்டு வருடத்துப் பெட்டி, சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். "பெரிய வேலை குடுக்காதீங்க தம்பி. பாட்டு கேளுங்க, படம் பாருங்க."

அவர் போனதும் பரணி என்னிடம் சொன்னான்: "பாட்டு கேக்குறதுக்கா அண்ணி இத வெச்சிருக்கேன்?"

அடுப்படிக்குப் போனேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது.

ஆகஸ்ட் 16, புதன்

லேப்டாப்புக்குக் காற்று வேண்டுமென்று சமையலறை டேபிள் ஃபேனை எடுத்து அதன் முன்னால் வைத்திருக்கிறேன். நான் வேர்வையில் சமைக்கிறேன்.

இன்று எண்ணிப் பார்த்தேன். காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் பதினாறு முறை கூப்பிட்டான். அண்ணி, கை நழுவிடுச்சு. அண்ணி, மவுஸத் தள்ளி வைங்க. அண்ணி, திரையில கட்டம் கட்டமா வருது. அண்ணி, முழங்கைக்குக் கீழ துணி. ஒவ்வொரு முறையும் "சாரி அண்ணி" என்பான். அந்த சாரிதான் எனக்குப் பிடிப்பதில்லை. அதற்கு நான் "பரவாயில்ல" சொல்ல வேண்டும்.

மாலையில் அந்த நாலு பேரில் ஒருத்தியான மட்டக்களப்புப் பெண் லேப்டாப்பில் பேசினாள். அனோஜா. குரல் மட்டும்தான் வரும். "பரணி, தெரு எப்ப முடியும்? அடுத்த மாசக் கடைசியில குடுக்கோணும் எண்டு சொன்னனான் எல்லோ?" என்றாள். "முடிச்சிருவேன், முடிச்சிருவேன்" என்று சிரித்தான். என்னிடம் அவன் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு அது வேண்டியதும் இல்லை.

ஆகஸ்ட் 19, சனி

திரை கறுத்துவிட்டது. உள்ளே விசிறி ஓடுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை. பத்து முறை போட்டுப் போட்டு அணைத்தேன். பரணி அழவில்லை. "இன்னொரு தடவ அண்ணி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். பதினோராவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சிப்பைக் கழற்றி மாட்டுகிற மெஷின் தஞ்சாவூரில்தான் இருக்கிறதாம். ஜெயசீலி அக்காவைப் பரணியோடு உட்கார வைத்துவிட்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பெயர் ஹக்கீம். பொறுமையானவர். "சிப்புக்கு அடியில ஈயக் குண்டு இருக்கும்க்கா. சூட்டுல அது விட்டுப்போச்சு. சூடு பண்ணி ஒட்டிக் குடுத்தா ஒரு மாசம் ஓடும், மறுபடி விடும். நான் அப்படிச் செய்ய மாட்டேன். வேற சிப்பே போட்டுருவோம். டெல்லியிலேருந்து பார்ட் வரணும், ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரமா?" என்று கேட்டேன். கேட்ட குரலில் வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை.

வேலை பதினொன்றரைக்கே முடிந்துவிட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடிக்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடையில் ரோஸ் மில்க் குடித்தேன். துணிக்கடையில் ஏறி இறங்கினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஊரைத் தாண்டி நான் தனியாக வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வீட்டில் பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

வீடு அமைதியாக இருக்கிறது. பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் இரண்டே முறை கூப்பிட்டான். மதியம் தூங்கினேன். மதியத் தூக்கம் இவ்வளவு ருசி என்று மறந்தே போயிருந்தது.

ஆகஸ்ட் 30, புதன்

பரணி கேட்டான்: "அண்ணி, உங்க ஃபோன்ல நாங்க பேசிக்கிற அந்த ஆப்பை ஏத்திக் குடுங்களேன். அனோஜாவுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்துரலாம். திடீர்னு காணாமப் போயிட்டேன்னு நெனப்பாங்க."

"ஃபோன்ல எடம் இல்ல பரணி."

"பழைய வீடியோ எதாவது அழிச்சா..."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. எதையாவது அழிச்சு வேற எதாவது போயிருச்சுன்னா?"

"சரி அண்ணி. பார்ட்தான் வந்துருமே."

இடம் இருக்கிறது. ஆனால் இன்று ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தால் நாளைக்கு அந்த ஃபோனைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே நான் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அதைத்தான் யோசித்தேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஹக்கீம் நேற்று ஃபோன் செய்திருந்தார். போய் வாங்கி வந்தேன். கடையிலேயே போட்டுக் காட்டினார். பளிச்சென்று இருக்கிறது. பரணி கட்டிய தெருவும் திறந்தது. ஓட்டு வீடுகள், ஒரு அடிபம்பு, அதன் கீழே ஈரம். ஈரத்தைக்கூடச் செய்திருக்கிறான். "யாருக்கா இது செஞ்சது? கை இருக்கு அவருகிட்ட" என்றார் ஹக்கீம். நான் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பரணி கழுத்தைத் திருப்ப முயன்றான். "வந்துருச்சா அண்ணி?"

"பார்ட் வரலையாம். இன்னும் ஒரு வாரம் ஆகுமாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இப்போதே எடுத்து வைத்தால் இப்போதே ஆரம்பிக்கும். இரண்டு நாள் போகட்டும். பையோடு பீரோவில், புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 7, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கொடுக்கலாம்.

செப்டம்பர் 11, திங்கள்

அடுத்த தெருவில் ஆரி வேலை வகுப்பு நடக்கிறது. ரவிக்கையில் மணி, ஜரிகை வைத்துத் தைப்பது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு. ஜெயசீலி அக்காதான் சொன்னார்: "போயிட்டு வாயேன், பையன்தான் இப்பல்லாம் சத்தமே காட்டலியே. நான் நடுவுல ஒரு தடவ எட்டிப் பாக்குறேன்."

சேர்ந்துவிட்டேன். சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டிக் கீழிருந்து நூலை ஊசியால் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். முதல் நாளே டீச்சர் என் சங்கிலித் தையலை மற்றவர்களுக்குக் காட்டினார். "விரல் நல்லா வளையுது உங்களுக்கு" என்றார். வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பரணியிடம் சொன்னபோது, "சூப்பர் அண்ணி. நீங்களும் எங்கயாவது போகணும்ல" என்றான்.

செப்டம்பர் 14, வியாழன்

வகுப்புக்குப் போகும் நாட்களில் காலையில் அவனுக்கு அரை டம்ளர் காபி மட்டும். தண்ணீர் நான் வந்த பிறகு. நடுவில் ஒன்றுக்கு வந்தால் ஜெயசீலி அக்காவிடம் அவன் கேட்க மாட்டான், கூச்சப்படுவான். அவன் நன்மைக்காகத்தான்.

வகுப்பு ஞாயிறு தவிர எல்லா நாளும் உண்டு.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். பரணி இரண்டு சாப்பிட்டான். மூன்றாவதை வாயருகே கொண்டுபோனபோது போதும் என்றான்.

அவர் வீடியோவில் வந்தார். தம்பியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "என்னடி, லேப்டாப் இன்னும் வரலயா? ஒரு மாசம் ஆச்சே. புதுசாவே ஒண்ணு பாத்துருவோமா?"

"வேணாங்க. பார்ட் வந்துட்டா அதுவே ஓடும். எதுக்கு வெட்டியா?"

"உன்னய மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்க தமயந்தி."

இதை அவர் ஐந்து வருடமாகச் சொல்கிறார். குழந்தையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இதேதான். தம்பிய யாரு பாத்துக்குவா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்பார். எனக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. கொஞ்ச நாள் போவதற்கு எதுவரை போக வேண்டும் என்று ஒரு முறை கேட்டேன். பிறகு இரண்டு நாள் அவர் பேசவில்லை. அந்தக் கேள்வியை நான் திரும்பக் கேட்கவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

இன்று கையில் லேப்டாப்பை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். இப்போது கொடுத்தால் இவ்வளவு நாள் என்ன என்று கேட்பான். கேட்க மாட்டான். கேட்காமல் பார்ப்பான்.

செப்டம்பர் 24, ஞாயிறு

பரணிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஹக்கீம். பரணி திரையில் பெயரைப் பார்த்துவிட்டான். "அண்ணி, எடுங்க, எடுங்க! ஸ்பீக்கர்ல போடுங்க!"

"சிக்னல் இல்ல" என்று சொல்லிக்கொண்டே மாடிக்குப் போனேன்.

"என்னக்கா, பெட்டி நல்லா ஓடுதா? சூடு எதுவும் ஏறுதா? நான் வேலை முடிச்சுக் குடுத்தா ஒரு தடவ கேட்டுக்குவேன்."

"நல்லா ஓடுது தம்பி. ரொம்ப சந்தோஷம்."

"அந்தத் தம்பிய விசாரிச்சேன்னு சொல்லுங்க. அந்தத் தெரு இன்னும் என் கண்ணுலயே நிக்குது."

கீழே இறங்கி வந்தேன். தட்டில் சோறு காய்ந்திருந்தது. பரணி கண் கொட்டாமல் பார்த்தான்.

"பார்ட் தப்பா வந்துருச்சாம். திருப்பி அனுப்பியிருக்காராம்."

"அவருக்கும் கஷ்டம்தான்" என்றான். பிறகு வாயைத் திறந்தான். அடுத்த உருண்டையை வைத்தேன்.

செப்டம்பர் 27, புதன்

ஆரி வகுப்பில் மயில் ஆரம்பித்துவிட்டேன். கழுத்துக்கு நீல மணி.

பரணி இப்போதெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். டிவி போடவா என்றால் உங்க இஷ்டம் அண்ணி என்கிறான். விரல்களை நீவி விடுகிற பயிற்சி நான்கு நாளாகச் செய்யவில்லை. அவனும் கேட்கவில்லை.

அக்டோபர் 2, திங்கள்

பரணிக்குக் காய்ச்சல். நடுங்குகிறான்.

அக்டோபர் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. சிறுநீரில் கிருமி. ரத்தத்துக்கும் ஏறியிருக்கிறது என்றார்கள்.

டாக்டர் அம்மா கேட்டார்: "தண்ணி கம்மியாக் குடிக்கிறாரா?"

"இல்லைங்க மேடம். நல்லாக் குடிப்பான்" என்றேன்.

பரணி கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்கிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 5, வியாழன்

மூன்று நாளாக நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டேன். சளியை உறிஞ்சி எடுக்க நர்ஸ் வரத் தாமதமானபோது நானே செய்தேன். பக்கத்துக் கட்டில்காரர், "பெத்த தாய்கூட இப்படிப் பாக்க மாட்டா" என்றார். அது உண்மைதான். இதையும் நான்தான் செய்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

மதியம் பரணி ஏதோ முனகினான். காதைக் கொண்டுபோனேன். "அடிபம்பு பக்கத்துல வெளக்கு வெக்கல" என்றான்.

பிழைத்து வீட்டுக்கு வந்தால் உடனே கொடுத்துவிடுவது என்று சாமியிடம் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ரொம்ப பலவீனமாக இருக்கிறான். இந்த நிலையில் லேப்டாப்பைக் கொடுத்தால் ஓய்வெடுக்க மாட்டான்.

அக்டோபர் 12, வியாழன்

பிசியோதெரபி டாக்டர் வந்தார். பரணியின் வலது கையைத் தூக்கி ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார்.

"இந்தக் கையால என்ன செஞ்சுட்டு இருந்தாரு?"

"லேப்டாப்ல வேலை பாப்பான் சார். அது ரிப்பேரு."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா."

வரவேண்டியதுதான்மா, இந்த நோயில எப்படியும் வந்துருக்கும் என்றார். எப்படியும் வந்திருக்கும் என்று அவரே சொன்னார். விரலுக்கு வேலை குடுத்துக்கிட்டே இருந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் தள்ளிப் போயிருக்கும் என்றும் சொன்னார். மஸ்கட்டில் இருக்கும் என் கணவரிடம் பேசும்போது முதலில் சொன்னதை மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 14, சனி

அவருக்குத் தீபாவளிக்கு லீவு கிடைத்துவிட்டதாம். இருபத்தேழாம் தேதி வருகிறார். "எல்லாத்தையும் நான் வந்து பாத்துக்குறேன். அந்தத் தஞ்சாவூர்க் கடைக்கு நானே போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன்" என்றார்.

இனிமேல் பீரோவில் வைத்திருக்க முடியாது.

அக்டோபர் 16, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. தஞ்சாவூர் போவதாகப் பரணியிடம் சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து பையை எடுத்துக்கொண்டு தெப்பக்குளக் கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, "சரியாயிருச்சு!" என்று சத்தமாகச் சொன்னேன்.

பரணியின் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது. "அண்ணி, சீக்கிரம், சீக்கிரம்" என்றான். மேசையை இழுத்துப் போட்டேன். முழங்கைக்குக் கீழே துணி. மவுஸ். கையைத் தூக்கிப் பந்தின் மேல் வைத்தேன். திரை பளிச்சென்று எரிந்தது.

பந்து உருளவில்லை.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வைங்க அண்ணி." வைத்தேன். "இன்னும் கொஞ்சம் மேல." வைத்தேன். அவன் நெற்றி நரம்பு புடைத்தது. கட்டைவிரல் பந்தின் மேல் செத்த மீன் போலக் கிடந்தது. ஆள்காட்டி விரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. நான் நிமிர்த்தி வைத்தேன். விட்டதும் மறுபடி மடங்கியது. ஒரு கால் மணி நேரம் இப்படியே செய்தோம்.

கடைசியில் அவன்தான் சொன்னான். "போதும் அண்ணி. உங்களுக்குக் கை வலிக்கும்."

நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்க்க ஒன்றும் இல்லை. தேய்த்ததையே தேய்த்தேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

காலையில் பரணி கூப்பிட்டான். குரல் சாதாரணமாக இருந்தது. "அண்ணி, மெசேஜெல்லாம் பாக்கணும். நீங்க திறந்து படிச்சுக் காட்டுங்க."

திறந்தேன். அனோஜாவிடமிருந்துதான் நிறைய. அவன் சொன்னபடி ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன்.

"பரணி, எங்க போனனீ?"

"கரண்ட் இல்லையோ?"

"தெரு எப்பிடிப் போகுது? படம் ஒண்டு அனுப்பு."

"எங்களோட கோவமோ? நான் என்னவும் பிழையாச் சொன்னனானோ?"

"இண்டைக்குக் குடுக்கிற நாள். உன்னைப் பாத்துப் பாத்து இருந்தனாங்கள். தெருவ வேற ஆளிட்டக் குடுத்திட்டம். மன்னிச்சுக்கொள்."

கடைசியாக ஒன்று. பத்து நாளைக்கு முன் வந்தது. "வேல ஒண்டும் வேண்டாம். நீ உயிரோட இருக்கிறியா எண்டு மட்டும் சொல்லு."

"மிச்சத்த அப்புறம் படிப்போமா?" என்றேன். மிச்சம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போது பரணி, "அண்ணி, அந்த மூலையில ஒரு படம் புதுசா இருக்கு பாருங்க. அதத் திறங்க" என்றான்.

எனக்கு என்ன என்று தெரியவில்லை, திறந்துவிட்டேன். ஹக்கீம் வேலை முடிந்ததும் லேப்டாப்பைச் சோதித்துப் பார்த்து எடுத்து வைத்த படம். எண்களாக இருந்தது. நடுவில் ஒரு பச்சைக் குறி. கீழே தேதி. செப்டம்பர் நான்கு.

நான் மூடப் போனேன். "இருக்கட்டும் அண்ணி" என்றான்.

ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. அது நின்று, ஆள் இறங்கி, கதவைச் சாத்திய சத்தமும் கேட்டது.

"நல்லா செஞ்சிருக்காரு" என்றான் பரணி. "மூடிருங்க."

மூடினேன்.

"அனோஜாவுக்குப் பதில் போடணும். நான் சொல்லச் சொல்லத் தட்டுங்க."

"நீ பேசுனா அதுவே எழுதுற வசதி இருக்காமே பரணி. ஹக்கீம்கூட சொன்னாரு."

"அது வேணாம் அண்ணி. நீங்க தட்டுங்க."

அவன் சொன்னான். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன்.

"அனோஜா, நான் உயிரோடுதான் இருக்கிறேன். லேப்டாப் கெட்டுப்போய்விட்டது. பார்ட் வரவில்லை. அதற்காக எங்கள் அண்ணி தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் எத்தனை முறை அலைந்தார்கள் என்று எனக்குத் தெரியும்."

கை நின்றுவிட்டது. "இதெல்லாம் எதுக்கு பரணி?"

"தட்டுங்க அண்ணி. எனக்குத் தெரியும். புள்ளி வைங்க. அண்ணி இல்லையென்றால் நான் இல்லை. இந்தக் கடிதத்தைக்கூட அவர்கள்தான் தட்டுகிறார்கள். இனிமேல் என் கையும் அவர்கள்தான்."

தட்டி முடித்தேன். ஒரு முறை முழுவதும் படிக்கச் சொன்னான். படித்தேன். ஓர் இடத்தில் "அண்ணி" என்பதில் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்தச் சொன்னான். திருத்தினேன்.

"அனுப்புங்க."

அனுப்பினேன்.

அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். இல்லை. சோறு ஊட்டும்போது வாயைத் திறப்பது போல அவ்வளவு சாதுவாக இருந்தான்.

அக்டோபர் 19, வியாழன்

ஆரி டீச்சருக்கு ஃபோன் செய்து இனி வர முடியாது என்று சொல்லிவிட்டேன். மயில் அரைகுறையாக இருக்கிறதே என்றார். வேறு யாரையாவது முடிக்கச் சொல்லுங்கள் என்றேன்.

பரணி நேரம் குறித்துக் கொடுத்துவிட்டான். தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு. தெருவைக் கட்டி முடிக்க வேண்டுமாம். அதைத்தான் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்களே என்று கேட்டேன்.

"அவங்களுக்கு இல்ல அண்ணி. நமக்காகக் கட்டுவோம்" என்றான்.

அவர் மஸ்கட்டிலிருந்து பேசினார். ஜெயசீலி அக்காவின் ஃபோனில் தம்பி எல்லாவற்றையும் சொன்னானாம். "ரெண்டு பேரும் சேந்து வேல பாக்குறீங்களாமே? கேக்கவே எனக்கு அழுகை வந்துருச்சுடி. இனிமே எனக்கு எந்தக் கவலையும் இல்ல. இன்னும் அஞ்சு வருஷம்கூட இங்கயே இருந்துருவேன்" என்றார்.

அக்டோபர் 20, வெள்ளி

பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பந்தில் என் கை. பக்கத்தில் பரணி. "இடது பக்கம். இன்னும் கொஞ்சம். தாண்டிட்டீங்க. திரும்ப வாங்க. அந்த மூலையப் பிடிங்க. இழுங்க. மெதுவா." நான் தப்பாக வைத்தால் திட்டுவதில்லை. "அழிச்சுட்டு மறுபடி அண்ணி" என்கிறான். பதினொன்றரைக்கு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரவா என்று கேட்டேன்.

"முடிச்சுட்டுக் குடிக்கலாம் அண்ணி. நடுவுல எந்திரிச்சா கஷ்டம்" என்றான்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு சன்னல் முடிந்தது. நான்கு கம்பி, இரண்டு கதவு. நன்றாக வந்திருக்கிறது என்றான். தெருவில் இன்னும் எத்தனை வீடு பாக்கி என்று கேட்டேன்.

"முப்பத்தேழு."

ஒரு வீட்டுக்கு எத்தனை சன்னல் என்று நான் கேட்கவில்லை.